அழியாமல் சேமித்தல்: உலாவித் தொகுப்பும் பாம்பன் பக்கமும்

2025 ஏப்ரல் 6 அன்று பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது. "இப்பாலத்தின் வழியே ரயில் செல்கிறது" என்று அச்சு நூலில் இருக்கும் வரி அடுத்த பதிப்பு வரும்வரை அப்படியேதான் கிடக்கும். இணையக் கலைக்களஞ்சியத்தில் அதே வரியைப் பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றபடியே, கைப்பேசியில், "சென்றது" என்று மாற்றிவிடலாம். இந்த வசதி எப்படி வந்தது, தமிழுக்கு இதனால் விளைந்த பயன் எது என்பதே இக்கட்டுரையின் பொருள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதையே இதன் சிறப்பாகப் பலரும் சொல்வார்கள். திருத்திச் சேமிக்கும்போது பழையது அழியாமல் நிற்கிறதே, அதுதான் பெரிய மாற்றம் என்பது என் முடிவு.

டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் உருவாக்கிய முதல் உலாவி, படிக்கவும் எழுதவும் ஒருசேர உதவுவதாகத்தான் இருந்தது. 1993இல் பரவிய மொசைக் உலாவி படிப்பதற்கு மட்டுமே ஆனது. இணையம் மக்களிடம் போய்ச் சேர்ந்தது இந்தப் பாதி வடிவில்தான். வழங்கியில் ஒரு கோப்பை வைப்பதற்கான 'புட்' என்ற கட்டளை எச்.டி.டி.பி. நெறிமுறையில் இருந்தது, ஆனால் அது பழைய கோப்பின்மேல் புதியதை எழுதிவிடும். ஒரே கோப்பை இருவர் திறந்து, இருவரும் சேமித்தால், முந்திச் சேமித்தவரின் உழைப்பு சுவடில்லாமல் போகும். இதைத் தடுக்க 1999 பிப்ரவரியில் வெப்டேவ் நெறிமுறை வந்தது. ஒருவர் எழுதும்போது கோப்பைப் பூட்டிவைக்க அது வழி செய்தது. அதன் ஆங்கிலப் பெயரில் உள்ள 'வி' என்னும் எழுத்து பதிப்பு வரிசையைப் பேணுவதைக் குறிக்கும். அந்தப் பகுதிதான் 1999இல் விடுபட்டது. தனி ஆவணமாக 2002இல்தான் வெளிவந்தது. பூட்டைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்குப் பழைய பதிப்பைப் பற்றி அன்று கவலைப்படவில்லை என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

அதே காலத்தில் தமிழில் நிலைமை வேறு. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்புவார்கள். மெய்ப்புப் பார்த்தபின் அவை வலையேறும். உழைப்பு பலருடையது, ஏற்றும் கை ஒன்றிரண்டு பேருடையது. எழுத்துருச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. திஸ்கி குறியாக்கத்தில் அடித்ததைத் தாப் குறியாக்கத்தில் படிக்க முடியாது. இரண்டும் யூனிகோடு ஆகாது. உலாவியில் நேரடியாகத் தமிழில் எழுதிச் சேமிப்பது என்பது யூனிகோடு பரவும்வரை எட்டாக்கனிதான்.

இதற்கு முன்பே, வார்டு கன்னிங்காம் 1995 மார்ச் 25 அன்று, உலாவியிலேயே எவரும் திருத்தக்கூடிய தளமான விக்கியை முதன்முதலில் இணையத்தில் வைத்தார். 2001 ஜனவரியில் விக்கிப்பீடியா பிறந்தபோது அது யூஸ்மாட்விக்கி என்ற மென்பொருளில் ஓடியது. அந்த மென்பொருள் பழைய திருத்தங்களைக் குறிப்பிட்ட நாள்வரை வைத்திருந்து பிறகு கழித்துவிடும் பழக்கம் உடையது. 2002இல்தான் அதற்குப் பதிலாகத் தரவுத்தளத்தை அடிப்படையாகக் கொண்ட புதிய மென்பொருள் வந்தது. இன்று மீடியாவிக்கி என்கிறோமே, அதுதான். தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் மயூரநாதன் வந்து சேர்ந்து இடைமுகத்தைத் தமிழாக்கிக் கட்டுரைகளைக் குவித்தார். ஆங்கிலத்துக்குப் பின்னால் வந்தது நமக்கு நட்டம் என்று சிலர் வருந்துவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதையும் கழிக்காத மென்பொருள் தயாரான பின்பே தமிழ் அங்கே நுழைந்தது.

சேமிப்புப் பொத்தானை அழுத்தும்போது என்ன நடக்கிறது? உலாவி முழுப் பகுதியையும் வழங்கிக்கு அனுப்புகிறது. எந்தப் பதிப்பைத் திறந்து திருத்தினோம் என்ற எண்ணும் கூடப் போகிறது. இடையில் வேறொருவர் சேமித்திருந்தால், இருவரும் வேறு வேறு வரிகளைத் தொட்டிருக்கும் பட்சத்தில் வழங்கியே இரண்டையும் இணைத்துவிடும். ஒரே வரியைத் தொட்டிருந்தால் 'தொகுப்பு முரண்பாடு' என்று நிறுத்தி, இரண்டையும் முன்னால் வைக்கும். பூட்டு தேவைப்படவில்லை.

இப்படிச் சேமித்த ஒவ்வொரு திருத்தத்தின் அளவும் பைட்டில் பதிவாகும். யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'செல்கிறது' என்பதில் கொம்பும் புள்ளியும் விசிறியும் தனித்தனிக் குறியீடுகள். மொத்தம் 9, ஆக 27 பைட். 'சென்றது' 7 குறியீடு, 21 பைட். பாம்பன் பாலத்தில் ரயில் நின்ற செய்தியைப் பதிய இந்த ஒரு சொல்லை மாற்றினால், பக்க வரலாற்றில் பயனர் பெயர், நாள், நேரம் ஆகியவற்றோடு −6 என்று சிவப்பில் ஓர் எண் விழும். நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு கொண்ட பாலத்தின் காலமாற்றத்துக்கு ஆறு பைட் கழிவு! முந்தைய வரியோ கீழே, ஒரு சொடுக்கில், அப்படியே இருக்கும்.

இந்த மூன்று பைட் கணக்கு தமிழரை வேறு விதத்திலும் நெருக்கியது. பழைய உலாவிகள் சில, 32 கிலோபைட்டைத் தாண்டிய பக்கத்தைத் தொகுக்கத் திணறின; விக்கியும் எச்சரிக்கை காட்டியது. ஆங்கிலத்தில் அது முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்து. தமிழில் ஏறத்தாழ 11,000 குறியீட்டிலேயே எல்லை வந்துவிடும். இன்று அந்தத் தடை இல்லை. 2013இல் வந்த காட்சித் தொகுப்பான், விக்கிக் குறிகள் தெரியாதவருக்கும் வாசலைத் திறந்தது. 2016-17இல் ஆங்கில இடைமுகத்தில் 'சேமி' என்ற சொல்லே நீங்கி 'வெளியிடு' என்றானது சரியான முடிவு. பொத்தானை அழுத்தியதுமே உலகமே படிக்கிறதே.

பழையது அழியாதிருப்பதன் அருமை பாம்பனுக்கு மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகத் தெரியவேண்டும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பயணி ரயிலோடு மாண்டவர்கள் எத்தனை பேர் என்பதில் நூலுக்கு நூல் எண் மாறுகிறது. அச்சில், ஒருவர் எழுதிய எண்ணை அடுத்தவர் எடுத்தாண்டு, மூலம் மறைந்துபோகிறது. விக்கி வரலாற்றில் எந்த எண்ணை யார், என்று, எந்தச் சான்றோடு எழுதினார் என்பது நிற்கும். பின்னால் வரும் ஆய்வாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் கலைக்களஞ்சியம் வெளியிடப்பட்ட சான்று கேட்கும். பாம்பன் கடலில் தொழிலுக்குப் போகிறவர்களின் அறிவோ வாய்மொழியாக இருப்பது. கொண்டல், வாடை, கச்சான், சோழகம் என்று காற்றைப் பிரித்தறியும் சொற்களும், மீனுக்கும் வலைக்கும் வழங்கும் பெயர்களும் விக்சனரி என்ற இணைய அகராதியில் முறையாக ஏற வேண்டும். இப்பகுதிப் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் பெரியவர்களைக் கேட்டு, ஊரும் நாளும் குறித்து, வாரம் ஒரு சொல்லாவது சேர்க்க வேண்டுகிறேன். பிழை நேருமோ என்று தயங்க வேண்டாம். இன்று பிழையாக எழுதினால் நாளை இன்னொருவர் திருத்துவார். எழுதாமல் விட்ட சொல்லை யாராலும் திருத்த முடியாது.