மண் இல்லாத வீட்டின் பூந்தோட்டம்

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர் ஊற்றி, அதன் வாயில் ஒரு பெரிய வெங்காயத்தை உட்கார வைப்பார்கள். சில நாட்களில் வெள்ளை வேர் இறங்கும். பிறகு பச்சைத் தாள் எழும். மண் இல்லை, உரமும் இல்லை. வெங்காயம் தன் மடல்களில் சேர்த்து வைத்த உணவே அதற்குப் போதும்.

இந்தச் சின்னச் சோதனைக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு உண்டு. வெங்காயத்தைப் போன்ற கிழங்கிலிருந்தே துலிப் மலரும் பூக்கிறது. 1637இல் ஹாலந்தில் துலிப் கிழங்கின் விலை உச்சத்துக்கு ஏறி, திடீரெனச் சரிந்தது. அதே டச்சுக்காரர்கள்தாம் 1641இல் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றினார்கள். மலாக்கா செட்டிகளின் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் எழுந்தது அவர்கள் வழங்கிய நிலத்தில்தான்.

அந்த 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் புதுப் பழக்கம் ஒன்று பரவியது. கழுத்து குறுகிய கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, அதன்மேல் ஹையசிந்த் கிழங்கை வைத்துப் பூக்கச் செய்தார்கள். ஸ்வீடன் நாட்டு மார்ட்டின் டிரீவால்டு 1730களில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதைப் பற்றி எழுதினார். தோட்டம் இல்லாதவர்களும் சன்னலோரத்தில் பூவைப் பார்த்தார்கள்.

மலாக்காவில் இது நடக்குமா? ஹையசிந்த், துலிப் கிழங்குகள் பூப்பதற்கு முன் சுமார் மூன்று மாதம் கடுங்குளிரில் இருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் வெயில் காயும் இந்த மண்ணில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? ஆனால் சீனர்கள் போற்றும் நார்சிசஸ் மலருக்கு அந்தக் குளிர் தேவையில்லை. ஃபூஜியன் மாநிலத்தில் விளையும் அந்தக் கிழங்கைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து, சீனப் புத்தாண்டுக்குப் பூக்க வைப்பது அவர்களின் பழைய வழக்கம். அதன் சீனப் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது.

தோட்டப்புறத் தமிழரின் கதையோ மண்ணோடு கலந்தது. 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் உருவானது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகப் பெருகத் தமிழ்ப் பாட்டாளிகளும் வந்தார்கள். லயத்து வீடு நிர்வாகத்தினுடையது. வாசலில் நின்ற செம்பருத்தியும் மல்லிகையும் முருங்கையும் அவர்கள் கையால் நட்டவை.

பின்னாளில் தோட்டங்கள் விற்கப்பட்டன. செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறின. மக்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். முருங்கை மரத்தைப் பெயர்த்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏற முடியுமா? பழைய போத்தலில் தண்ணீர் ஊற்றி ஒரு மணிப்பிளாண்ட் கொடியை வைத்தார்கள். அதுவே அவர்களின் தோட்டமானது.

அந்தப் போத்தலுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரத்திலேயே வளர்ந்துவிடும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் கொசு பெருக இடம் கொடுத்தால் தண்டனை உண்டு. வாரம் ஒருமுறையாவது நீரை மாற்றி, குவளையின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவது அவசியம்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. தண்ணீரில் பூத்த கிழங்கு, சேமித்த உணவையெல்லாம் ஒரே பூவுக்குச் செலவழித்துவிடுகிறது. மறுபடி பூக்க வேண்டுமானால் அதை மண்ணில் நட்டுத் தேற்ற வேண்டும். தோட்டத்தை விட்டு வந்த முதல் தலைமுறை, தான் சேர்த்து வைத்த உழைப்பையும் பழக்கத்தையும் கொண்டு மாடி வீட்டிலும் பூத்துக் காட்டியது. அடுத்த தலைமுறையும் பூக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலமாவது வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல.