நாசாவ் பேருந்துகள்: எல்லையும் செலவும்
நியூயார்க் நகரின் கிழக்கெல்லையில் உள்ள நாசாவ் கவுன்டியில் தனித்தனியே ஓடிய தனியார் பேருந்துகள், 1973ஆம் ஆண்டு ஒன்றிணைக்கப்பட்டு, மாநில அமைப்பான பெருநகரப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பில் வந்தன.

இவற்றில் முதன்மையானது என்-6 தடம். ஹெம்ப்ஸ்டெட்டில் புறப்பட்டு, நகருக்குட்பட்ட குவீன்ஸின் ஜமைக்காவில் முடிகிறது. அங்கு சுரங்க ரயிலைப் பிடிக்கலாம். ஆயினும் குவீன்ஸுக்குள்ளேயே ஏறி அங்கேயே இறங்க எவருக்கும் அனுமதியில்லை. எல்லை அத்தனை கறாரானது!

செலவு விடயத்தில் மட்டும் அந்தக் கறார் நெடுங்காலம் இருக்கவில்லை. மற்றைய புறநகர்க் கவுன்டிகள் தமது பேருந்துகளுக்குத் தாமே செலவிட, நாசாவின் பற்றாக்குறையைப் பெருமளவு ஆணையமே சுமந்தது. கூடுதல் பங்களிப்பை ஆணையம் கோரியது, கவுன்டி மறுத்தது. ஆணையம் விலகவே, 2012 ஜனவரி முதலாம் தேதி சேவை வெயோலியா என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் சென்றது. அவ்வாண்டே தடங்களும் குறைக்கப்பட்டன. காரில்லாத தொழிலாளரே அதன் பாதிப்பைச் சுமந்தனர் எனலாம்.