தங்கம் வாங்கலையோ தங்கம்: ஒன்லைன் கேம்களில் நடந்த ஒரு நீண்ட சண்டை

2007, 2008 காலத்தில் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் விளையாடின ஆக்களுக்கு ஒரு காட்சி நல்லா ஞாபகம் இருக்கும். கேமின் தலைநகரத்துக்குள் நுழைஞ்சால் நிலத்தில் வரிசையாகப் பிணங்கள் கிடக்கும். எல்லாம் முதலாம் லெவல் பாத்திரங்கள். கண்ணை மூடிக்கொண்டு கீபோர்ட்டைத் தட்டின மாதிரிப் பெயர்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால்தான் விளங்கும், அந்தப் பிணங்கள் எழுத்துகளாக அடுக்கப்பட்டிருக்கு என்று. எழுத்துக் கூட்டி வாசிச்சால் ஒரு வெப்சைட்டின் முகவரி வரும். கேமுக்குள் செலவழிக்கிற தங்கத்தை உண்மையான டொலருக்கு விற்கிற கடை அது.

இதைக் கண்டு சிரிச்சவையும் இருக்கினம், எரிச்சல்பட்டவையும் இருக்கினம். இந்த விற்பனைக்காரரை விரட்டுறதுக்கு கேம் கொம்பனிகள் பத்து வருசத்துக்கு மேல் என்னென்ன செய்து பார்த்தன, அதில் யார் அடிபட்டார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சந்தை எப்படி வந்தது?

ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் சேர்ந்து விளையாடுற கேம்களில் அல்டிமா ஒன்லைன் 1997இலும் எவர்குவெஸ்ட் 1999இலும் வந்தன. வந்த கொஞ்சக் காலத்திலேயே அவற்றின் வாள், கவசம், நாணயம் எல்லாம் ஈபேயில் ஏலத்துக்குப் போயிட்டுது. காரணம் சிக்கலானது இல்லை. இந்த கேம்களில் ஒரு நல்ல பொருள் கிடைக்க வேணுமென்றால் ஒரே வேலையை மணித்தியாலக் கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேணும். காசு இருக்கிறவனுக்கு நேரம் இல்லை, நேரம் இருக்கிறவனுக்குக் காசு இல்லை. ரெண்டு பேரும் ஒரே உலகத்துக்குள் சந்திச்சால் வியாபாரம் நடக்கும்தானே.

2001இல் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற அமெரிக்கப் பொருளியலாளர் எவர்குவெஸ்டின் கற்பனை உலகமான நோரத்தைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஏல விலைகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், அங்கே ஒரு ஆளுக்கான தேசிய உற்பத்தி ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையில் வந்தது. அந்த உலகத்துக்குள் வேலை செய்தால் மணித்தியாலத்துக்கு 3.42 டொலர் உழைக்கலாம் என்றும் அவர் கணக்குக் காட்டினார்.

அதே 2001இல் ஐ.ஜி.ஈ என்ற கொம்பனி இதைப் பெரிய வியாபாரமாகவே தொடங்கியது. 2006இல் கோல்ட்மன் சாக்ஸ் போன்ற முதலீட்டாளர்கள் அதில் 60 மில்லியன் டொலர் போட்டார்கள். பிற்காலத்தில் டிரம்ப்பின் ஆலோசகராக வந்த ஸ்டீவ் பானனும் அந்தக் கொம்பனியில் இருந்தவர்தான். ஆக, சாட்டில் கத்திக்கொண்டிருந்த முதலாம் லெவல் பாத்திரங்களின் வியாபாரத்துக்கு வோல்ஸ்ட்ரீட்டிலும் ஒரு கிளை இருந்தது.

2007 ஜனவரியில் ஈபே இந்த வகை ஏலங்களுக்குக் கதவைச் சாத்தியது. விற்பனைக்காரரிடம் ஏற்கெனவே சொந்த வெப்சைட்டுகள் இருந்தன. அதுக்கு ஆளைக் கூப்பிட வேணும். வாங்குற ஆக்கள் எல்லாரும் ஒன்றாக நிற்கிற ஒரே இடம் கேம்.

வாயை அடைத்துப் பார்த்தார்கள்

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டை நடத்தின பிளிசார்ட் முதலில் சத்தத்தை நிறுத்தப் பார்த்தது. 2007 மே மாத அப்டேட்டில், ஸ்பாம் அனுப்பின பெயரின் மேல் ரைட் கிளிக் பண்ணி உடனே ரிப்போர்ட் பண்ணுற வசதி வந்தது. இலவச ட்ரையல் கணக்குகளுக்கும் பூட்டுப் போட்டார்கள்: முன்பின் தெரியாத ஆளுக்குத் தனிச்செய்தி அனுப்பேலாது, பொருள் கைமாற்றேலாது, ஏலச்சந்தைக்குப் போகேலாது. அதே வருசம் ஸ்பாமுக்குப் பேர்போன ஒரு தங்க விற்பனைக் கொம்பனி மேல் வழக்கும் போட்டு, 2008இல் நிரந்தரத் தடை உத்தரவு வாங்கினார்கள்.

ஸ்பாம்காரர் சும்மா இருக்கவில்லை. வடிகட்டி முகவரியைப் பிடிக்கிறதா? 'டபிள்யூ'வுக்குப் பதிலாக ரெண்டு 'வீ'யை ஒட்டிப் போட்டார்கள். புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி வைத்தார்கள். ஒரு பாத்திரத்தைத் தடை செய்தால் அடுத்த நிமிசம் இன்னொன்று வரும். ட்ரையல் கணக்கு உதவாதா? வேற ஆளின் கணக்கைத் திருடிப் பாவிச்சார்கள். சாட்டில் கதைக்க விடவில்லையா? அப்ப செத்துக் கிடந்து எழுத்துக் காட்டுவம்! முதல் பந்தியில் சொன்ன பிணங்கள் அப்படி வந்தவைதான்.

கையைக் கட்டிப் பார்த்தார்கள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஜாஜெக்ஸ் கொம்பனி இதைவிடப் பயங்கரமான முடிவு எடுத்தது. அவர்களின் ரூன்ஸ்கேப்பில் பிரச்சினை வெறும் சத்தம் இல்லை. தங்க வியாபாரிகள் திருட்டுக் கடனட்டைகளால் சந்தா கட்டினார்கள். அட்டையின் சொந்தக்காரர் முறைப்பாடு செய்ய, வங்கி அந்தக் காசைக் கொம்பனியிடம் திருப்பிக் கேட்டது. இது கூடிக்கொண்டே போனால் கார்ட்டில் காசு எடுக்கிற வசதியே போயிடும் என்ற நிலைமை.

2007 டிசம்பர் 10இல், வில்டர்னஸ் என்ற பகுதியில் ஒருவரை ஒருவர் கொன்று பொருளை எடுக்கிற பழைய விளையாட்டை நிற்பாட்டினார்கள். ஏனென்றால் வேணுமென்றே செத்து, விற்ற தங்கத்தை அப்படியே கைமாற்றலாம். 2008 ஜனவரி 2இல் அடுத்த பூட்டு. ரெண்டு பேர் பண்டமாற்றுச் செய்தால் ரெண்டு பக்கப் பெறுமதியும் கிட்டத்தட்டச் சமனாக இருக்க வேணும். 15 நிமிடத்துக்கு வெறும் 3,000 நாணய வித்தியாசம்தான் ஆரம்பத்தில் அனுமதிச்சார்கள். தம்பிக்கு ஒரு நல்ல வாளைச் சும்மா குடுக்கேலாது. புதுசா வந்த கூட்டாளிக்கு உதவி செய்யேலாது. விளையாட்டுக்காரர் கொதிச்சுப்போய் கேமுக்குள்ளேயே கூட்டம் கூடி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். கனபேர் விட்டுட்டே போனார்கள்.

தங்க வியாபாரம் உண்மையிலேயே படுத்தது. கூடவே கேமின் உயிரும் பாதி போச்சுது. மூன்று வருசத்துக்குப் பிறகு ஜாஜெக்ஸ் வாக்கெடுப்பு வைத்தது: 12 லட்சத்துக்கு மேல் வாக்குகள், 91 வீதம் பழையபடி வேணும் என்று. 2011 பெப்ரவரி 1இல் பூட்டுகளைத் திறந்தார்கள். உடனே தங்கத்தைத் தானாகத் தோண்டுற பொட் புரோகிராம்கள் வெள்ளம் மாதிரி வந்தன. அதே ஒக்டோபரில் ஒரே நாளில் 15 லட்சம் கணக்குகளைத் தடை செய்ததாக ஜாஜெக்ஸ் அறிவிச்சது.

ஈவ் ஒன்லைனிலும் இதே கதை. 2009 ஜூனில் அதன் கொம்பனி ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கணக்குகளை ஒரே அடியில் மூடியது. மொத்தக் கணக்குகளில் அது கிட்டத்தட்ட 2 வீதம்தான். ஆனால் சேர்வரின் சுமை 30 வீதம் அளவுக்குக் குறைஞ்சது. இரவு பகலாக ஓடின கணக்குகள் அவை.

திரைக்கு அந்தப் பக்கம்

இரவு பகலாக ஓடினதெல்லாம் பொட் இல்லை. கனக்க இடத்தில் மனிசர்தான் இருந்தார்கள். பத்திரிகையாளர் ஜூலியன் டிபெல் 2007இல் நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகைக்காகச் சீனாவின் நான்ஜிங் நகரத்தில் இருந்த ஒரு தங்கப் பட்டறைக்குப் போய் எழுதினார். 12 மணித்தியால இரவு வேலை. 100 தங்கம் சேர்த்தால் தொழிலாளிக்கு 10 யுவான், அதாவது 1.25 டொலர். மணித்தியாலத்துக்குச் சராசரி 30 சதம். முதலாளி அதை 3 டொலருக்கு விற்பார். அமெரிக்காவில் வாங்குறவர் 20 டொலர் வரைக்கும் குடுப்பார்.

அதே வருசம் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டில் வேகமாகப் பறக்கிற பயிற்சிக்கு 5,000 தங்கம் கட்ட வேணும். மேலே சொன்ன கணக்கின்படி, அந்தத் தொழிலாளி இதைச் சேர்க்க 200 மணித்தியாலத்துக்கு மேல் போகும். 17 இரவுகள். வேற ஒருவர் கொஞ்சம் வேகமாகப் பறக்கிறதுக்கு.

ரிச்சர்ட் ஹீக்ஸ் என்ற ஆய்வாளர் 2008இல் போட்ட மதிப்பீட்டில் ஆசியாவில் இந்த வேலை செய்தவர்கள் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர், பெரும்பாலானோர் சீனாவில். 2011இல் கார்டியன் பத்திரிகை ஒரு முன்னாள் கைதியின் வாக்குமூலத்தை வெளியிட்டது. பகலில் கல் உடைச்ச கைதிகளை, இரவில் தங்கம் சேர்க்க வைத்திருக்கிறார்கள். குறிச்ச அளவு சேராவிட்டால் அடி.

விளையாட்டுக்காரரின் கோபம் யார் மேல் விழுந்தது? இவர்கள் மேல்தான். 'சைனீஸ் ஃபார்மர்' என்பது ஒரு வசைச்சொல்லாகவே மாறியது. ஆங்கிலம் சரளமாகக் கதைக்காத எவரையும் சந்தேகப்பட்டுக் கூட்டமாகச் சேர்ந்து கொன்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலிபோர்னியாவில் சீனக் குடியேறிகளைப் பற்றிக் கதைச்ச கதைகள்தான் திரும்பவும் வருது என்று ஆய்வாளர் நிக் யீ அப்பவே சுட்டிக்காட்டினார். பத்து வருசம் கழிய, வெனிசுவேலாவில் பணத்தின் பெறுமதி கரைஞ்ச நேரம் அங்குள்ளவர்கள் பழைய ரூன்ஸ்கேப்பில் பச்சை டிராகன்களைக் கொன்று சாப்பாட்டுக் காசு தேடினார்கள். 2017இல் அவர்களைத் தேடிப் பிடித்துக் கொல்வது எப்படி என்று ரெடிற்றில் வழிகாட்டியே எழுதினார்கள்.

கடைசியில் தாங்களே கடை போட்டார்கள்

தடையும் வழக்கும் தீர்க்காத பிரச்சினைக்குக் கொம்பனிகள் வேற வழி பிடிச்சன. ஈவ் 2008இல், ரூன்ஸ்கேப் 2013இல், வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் 2015 ஏப்ரலில். முறை ஒன்றுதான்: நீங்கள் கொம்பனியிடம் உண்மையான காசு குடுத்து ஒரு டோக்கன் வாங்கலாம், அதை ஏலச்சந்தையில் இன்னொரு விளையாட்டுக்காரருக்குத் தங்கத்துக்கு விற்கலாம், அவருக்கு அதால் சந்தா கிடைக்கும். காசுக்குத் தங்கம் வாங்குறது பாவம் என்று இவ்வளவு காலமும் சொன்ன அதே ஆக்கள்!

நியாயமாகச் சொன்னால் இது ஓரளவு வேலை செய்தது. திருட்டுக் கார்ட்டுக்கும் திருடின கணக்குக்கும் தேவை குறைஞ்சது. ஆனால் இதிலிருந்து ஒன்று தெளிவாகத் தெரியுது. பிரச்சினை ஒருநாளும் விற்கிறவனின் வாயில் இருக்கவில்லை, வாங்குறவனின் தேவையில் இருந்தது. அந்தத் தேவையை உருவாக்கினதும் கொம்பனிதான்: 5,000 தங்கம் என்று விலை போட்டது பிளிசார்ட், நான்ஜிங் தொழிலாளி இல்லை.

ஸ்பாம் வந்தால் ரிப்போர்ட் பண்ணுங்கோ, அது சரியான வேலைதான். திருட்டுக் கணக்குக்குப் பின்னால் காசை இழந்த ஒரு ஆள் நிச்சயம் இருக்கு. ஆனால் யாரோ ஒருவனைச் 'சைனீஸ் ஃபார்மர்' என்று திட்டமுதல் அந்த 17 இரவுகளையும் ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. காசு குடுத்தாவது தாண்டிப் போக வேணும் என்று நினைக்க வைக்கிற ஒரு பகுதியை, விளையாட்டு என்று ஏன் எங்களுக்கு விற்கினம் என்ற கேள்வியையும் அப்பதான் கொம்பனியிடம் கேக்கலாம்.