ஹாஜிகளின் தடுப்பூசி

ஹஜ்ஜுக்குப் புறப்படும் நம் முதலிபாளையத்துப் பெரியவர்கள் தடுப்பூசிச் சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு சேர்ந்த மற்றொரு தாளாகவே கருதுகின்றனர். அதன் பின்னே ஹாஜிகளின் மரணங்கள் உள்ளன. 1987இல் ஹாஜிகளிடையே மூளையுறை அழற்சி பரவிற்று. அதன் பின்னரே சவூதி அரசு அதற்கான தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 2000ஆம் ஆண்டு டபிள்யூ135 என்னும் வேறு வகைக் கிருமி வந்தது. அன்று பெரும்பாலோர் போட்டிருந்த ஊசி ஏ, சி ஆகிய இரு வகைகளை மட்டுமே தடுப்பதாயிருந்தது. நான்கு வகைகளைத் தடுக்கும் ஊசி 2002இல் கட்டாயமாயிற்று.

தவக்குல் உள்ளவர்க்கு ஊசி எதற்கு என வினவுவோர் இன்றும் உளர். சிரியாவில் கொள்ளைநோய் எனக் கேட்டு, சர்கு என்னுமிடத்திலிருந்தே மதீனா திரும்பிய கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கா தவக்குல் குறைவு?

65 வயதைக் கடந்த ஹாஜிகளுக்கு இன்ஃபுளுவன்சா ஊசியும் போடப்படுகிறது. சளிக்காய்ச்சல்தானே என்று நாம் அலட்சியம் செய்வது இதைத்தான். முதுமையில் அது நிமோனியாவாக முற்றி உயிரையும் பறிக்கும். அக்கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசி ஆண்டுதோறும் வேண்டும். ஹஜ்ஜுக்காகப் போட்டது மறு ஆண்டுக்கு உதவாது. ஊர் திரும்பிய ஹாஜியிடம் சான்றிதழ் கேட்க எவருமில்லை. அத்தாவை, அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்று கேட்க வேண்டியவர்கள் பிள்ளைகளாகிய நாமே.