திருநர் பற்றிய தமிழ்ச் சொல்வழக்கு

பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறுபட்டுத் தம்மை உணர்வோரைத் தமிழில் பொதுவாகத் திருநர் என்பர். அவர்களுள் பெண்ணாக உணர்வோர் திருநங்கை. ஆணாக உணர்வோர் திருநம்பி. 2000க்குப் பின் பரவிய இச்சொற்களின் வரலாறு, தமிழ்நாட்டில் திருநர் பெற்றுவரும் சமூக ஏற்பின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

பழைய வழக்கு

தொல்காப்பியத்தின் கிளவியாக்கம், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரை உயர்திணையில் வைக்கிறது. அப்பெயருக்குத் தனி ஈறு இல்லை. உயர்திணைப் பால் ஈறுகளையே அது ஏற்கும். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் 11 ஆடல்களுள், ஆண்மை திரிந்த கோலத்தில் ஆடும் ‘பேடு’ ஒன்று. காலப்போக்கில் ‘பேடி’ கோழையைத் திட்டும் சொல்லாயிற்று. ‘அலி’ தெருக்கேலி ஆயிற்று. ‘ஒன்பது’ என்ற எண்கூட வசையாயிற்று. இவற்றைவிடக் கொடியது ‘அது வருது பார்’ என்னும் சுட்டு. இலக்கணம் உயர்திணையில் வைத்த மனிதரைப் பேச்சுவழக்கு அஃறிணைக்குத் தள்ளியது.

அரவாணி

கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைத் திருவிழாவின்போது திருநங்கையர், மகாபாரதக் கதையில் களப்பலியான அரவானைக் கணவனாக ஏற்றுத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலியறுத்து ஒப்பாரி வைப்பர். இதையொட்டி எழுந்த ‘அரவாணி’, வசைச்சொற்களுக்கு மாற்றாக வந்தது. 2008 ஏப்ரல் 15இல் தமிழ்நாடு அரசு அமைத்த நல வாரியமும் முதலில் அப்பெயரையே தாங்கியது. ஆயினும் அச்சொல் ஒரு தொன்மத்துக்குள்ளும் ஒரு சமயத்துக்குள்ளும் எல்லோரையும் அடைப்பதாகத் திருநர் பலர் கருதினர். இருந்தும், 2019ஆம் ஆண்டு நடுவண் அரசு இயற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறையிலும் ‘அரவாணி’ இடம்பெற்றது.

திருநங்கை

‘திரு’ மதிப்பின் அடை; ‘நங்கை’ சிறப்புடைய பெண். இச்சொல்லை முன்மொழிந்தவராக நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் குறிப்பிடப்படுகிறார். மு. கருணாநிதி முதல்வராக இருந்த 2006–2011 ஆட்சிக்காலத்தில் இது அரசு வழக்கில் வேரூன்றியது. நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் இதை ஏற்றபின், செய்தி வாக்கியத்தின் முடிபும் மாறியது: திருநங்கை ‘வந்தார்’, ‘பேசினார்’.

‘மூன்றாம் பாலினத்தவர்’ என்ற சொல்லுக்கு அதே வரவேற்பு இல்லை. முதற்பாலினம் எது, இரண்டாவது எது என்று செயற்பாட்டாளர்கள் கேட்கின்றனர். தம்மைப் பெண் என்று அறிந்த ஒருவருக்கு அந்த எண் வரிசை மறுப்பாகவே ஒலிக்கிறது.

படிவமும் சட்டமும்

படிவத்தின் ஒரு கட்டத்தில் எழுதப்படும் சொல் வாழ்க்கையைத் திறக்கவும் மூடவும் வல்லது. காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்த திருநங்கை பிரித்திகா யாஷினிக்குப் படிவத்தில் உரிய பாலினக் கட்டமே இல்லை; விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்பட்டது. 2015இல் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2018இல் தூத்துக்குடியில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவுசெய்ய அலுவலர்கள் மறுத்தனர்; மணமகள் திருநங்கை என்பதே காரணம். இந்து திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இருந்த சொல்லின் பொருள் விரிந்தது.

பால், பாலினம் குறித்த மதிப்பான சொற்களின் பட்டியலை, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷின் உத்தரவுகளைத் தொடர்ந்து 2022இல் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது.

சொல்லின் எல்லை

நல்ல சொல் இழிவைத் தடுக்கும். வாடகை வீட்டையோ வேலையையோ தானாகத் தந்துவிடாது. கல்வியிலும் அரசுப் பணியிலும் கிடைமட்ட இடஒதுக்கீடு (ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்குத் தனிப் பங்கு) கோரி செயற்பாட்டாளர் கிரேஸ் பானு உள்ளிட்டோர் போராடுவது இதனால்தான். ‘திருநங்கை’ என்று மரியாதையாக அழைத்த அதே வாயால் ‘வீடு காலியில்லை’ என்று சொல்லப்படும்வரை, அச்சொல்லில் உள்ள ‘திரு’ முழுப்பொருள் பெறாது.