ராஜா மரம்

இந்த முறை சென்ட் பற்றி ஒரு கட்டுரை. நம்ம சேத்தியாத்தோப்பு கடைத்தெருவில் கிடைக்கும் சென்ட் இல்லை, விலையைக் கேட்டாலே மயக்கம் வருகிற பாரிஸ் சரக்கு.

சாதாரண ரகங்களில் வாசனை எண்ணெய் 5 முதல் 15 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் ஆல்கஹால். 'எக்ஸ்த்ரே' எனப்படும் உயர்ந்த ரகத்தில் அது 20, 30 சதவீதம் வரை போகும். அந்த வாசனை சீக்கிரம் பறந்துவிடாமல் பிடித்து வைக்கக் கனமான எண்ணெய் ஒன்று வேண்டும். அதற்குப் பேர்போனது சந்தன எண்ணெய். கெர்லேன் கம்பெனி 1989ல் வெளியிட்ட 'சம்சாரா'வுக்கு உயிரே மைசூர் சந்தனம்தான். (சம்சாரம் என்று பெயர் வைத்து நம்ம ஊரில் விற்றால் எந்த ஆம்பளை வாங்குவான்? :-))

சந்தனம் ஒரு விசித்திரமான மரம். பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரைச் செருகி உறிஞ்சி வளரும். வைரம் பாய்ந்தால்தான் வாசனை, அதற்குப் பதினைந்து இருபது வருடம் ஆகும். வேரிலும் எண்ணெய் அதிகம் என்பதால் வெட்ட மாட்டார்கள், வேரோடு பிடுங்குவார்கள்.

1792ல் திப்பு சுல்தான் இதை ராஜ மரம் என்று அறிவித்தார். மரம் எங்கே முளைத்தாலும் அரசுக்குச் சொந்தம். திப்பு போனபிறகும் அந்த ஏகபோகம் போகவில்லை. முதல் உலகப்போர் வரை கட்டைகள் ஜெர்மனிக்குப் போய் அங்கேதான் எண்ணெய் வடித்தார்கள். போரில் அந்த வழி அடைபட, 1916ல் மைசூர் அரசே எண்ணெய் வடிக்க ஆரம்பித்தது. அப்போது திவான் நம் விஸ்வேஸ்வரய்யா.

பி.காம் படிக்கிற எனக்கு இங்கேதான் கணக்கு இடிக்கிறது. தமிழ்நாட்டிலும் பட்டா நிலத்தில் நிற்கிற சந்தனத்தைச் சொந்தக்காரர் இஷ்டத்துக்கு வெட்டவோ விற்கவோ முடியாது. மரத்தால் வருவது கேஸும் அலைச்சலும் என்றால் எந்த விவசாயி நடுவார்? கன்று முளைத்தால் சத்தமில்லாமல் பிடுங்கி எறிவதுதான் லாபம். நடுவதற்கு ஆளில்லை, வாங்குவதற்கு உலகமே நிற்கிறது. விலை ஏறியது, சத்தியமங்கலத்திலும் ஜவ்வாது மலையிலும் கடத்தல் பெருகியது. வீரப்பன் கதை உங்களுக்கே தெரியும்.

அதிகம் பேசப்படாதது வாச்சாத்தி. தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள மலைவாழ் மக்களின் கிராமம். 1992 ஜூன் 20 அன்று, கடத்திய சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து புகுந்தன. வீடுகளை நொறுக்கி, நூறு பேருக்கு மேல் சிறையில் தள்ளினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கட்டையை வெட்டிச் சுமந்தவர்களுக்குக் கிடைத்தது கூலி மட்டும்தான் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

சட்டம் தளர்ந்தது கர்நாடகாவில் 2001ல், இங்கே 2002ல். சொந்த நிலத்தில் வளர்க்கலாம் என்றார்கள். அதற்குள் 1990களின் கடைசியிலேயே ஆஸ்திரேலியாக்காரர்கள் நம் சந்தனத்தைக் குனுனூரா பக்கம் தோட்டம் தோட்டமாக நட்டுவிட்டார்கள். சென்ட் கம்பெனிகள் இப்போது அங்கேயும் வாங்குகின்றன.

வாச்சாத்தி வழக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். விசாரணை முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29ல் தீர்ப்பு. அதைச் சென்னை உயர்நீதிமன்றம் உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29ல், சம்பவம் நடந்து 31 வருடம் கழித்து.