நின்றபடி திணறும் எஞ்சின்
புதுக்கோட்டைத் தெருவில் என்றாவது பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைக் கண்டால் சற்றுக் காது கொடுங்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் திணறி அணைகிறதா? அதற்கு விடை, நீங்கள் படித்த இயற்பியலிலேயே இருக்கிறது.

பாய்மத்தின் வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று 1738-இல் டேனியல் பெர்னௌலி விளக்கினார். அத்தத்துவப்படி பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டரை 1893-இல் ஜெர்மானியரான மேபாக் அமைத்தார். சென்னையில் 1961 முதல் தயாரான ஹெரால்டும், அதே குடும்பத்து எஞ்சினுடன் 1962-இல் இங்கிலாந்தில் பிறந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் இம்முறையையே பின்பற்றின.

ஆனால் வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும் 'ஐடிலிங்' நிலையில் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். கார்புரேட்டரின் கழுத்தில் காற்றுக்கு வேகம் போதாது. எனவே தகட்டுக்கு அப்பால், அழுத்தம் மிகக் குறைந்த இடத்தில், தனிச் சிறு துளை வழியே பெட்ரோல் வருகிறது. அங்கே கேஸ்கட் பழுதாகி வெளிக்காற்று நுழைந்தால், கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் திணறும்.

பலர் உடனே ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டுவர். நோய் மறையும், தீராது. பெட்ரோலும் வீணாகும். திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, சூடான புகைக்குழாயில் படாமல், இணைப்புகளில் சிறிது சோப்பு நீர் விட்டுப் பாருங்கள். ஓசை மாறும் இடமே ஓட்டை. முதலில் காரணத்தைத் தேடுவோம். ஸ்க்ரூவைப் பிறகு தொடலாம்.